தாத்தா எழுதியது என்ன?

என் அப்பாவுக்குக் குரல் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தொண்டையில் புற்றுநோய் கண்டு, மருத்துவர்கள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் உள்ள சிறு துளை வழியாகத்தான் இப்போது மூச்சு விடுகிறார். கழுத்தில் அழுத்திப் பேசும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அதிலிருந்து வந்த எந்திரக் குரலை ஒரு நாள் கேட்டார். “இது நான் இல்லை” என்று எழுதிக் காட்டிவிட்டு, அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கைப்பேசியில் தட்டலாம் என்றால், ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. அதற்குள் பேச்சு எங்கோ போய்விடுகிறது.

ஆகவே அவருடைய பேச்செல்லாம் பள்ளி நோட்டுப் புத்தகத்தில்தான். சாப்பாட்டு மேசையில் ஒன்று, படுக்கை அருகே ஒன்று, சட்டைப் பையில் சின்னதாக ஒன்று. நீல மை பேனா மட்டும் எப்போதும் கையில்.

அப்பா தோட்டத்துக் கிராணியாக இருந்தவர். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 28 ஆண்டுகள் செக்ரோல் எழுதிய கை அது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தமிழும், பிறகு பட்டணத்துப் பள்ளியில் ஆங்கிலமும் படித்தவர். தமிழை வேகமாக, புள்ளி வைக்காமல் எழுதுவார். நடுவே ஆங்கிலச் சொல் வந்தால், பேனாவை எடுக்காமல் சேர்த்து எழுதும் கர்சிவ் எழுத்தில் ஓடும். எனக்கு அது சிறு வயதிலிருந்து பழகிய எழுத்து. படிக்கச் சிரமம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் மகளுக்கு 10 வயது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். வாசிப்பில் கெட்டிக்காரி. அவளிடம் பேச வேண்டுமென்றால் அப்பா சைகை காட்டுவார்; அல்லது பெரிய பெரிய எழுத்தில் இரண்டு மூன்று சொல் எழுதுவார். “பசியாறியாச்சா?” “படம் வரை.” அதற்கு மேல் போனால் நான் படித்துச் சொல்வேன். அதனால் குறை எதுவும் வெளியே தெரியவில்லை.

மேசை இழுப்பறையில் இருந்த கடிதம்

சென்ற ஆண்டு ஆகஸ்டில் மகளின் பிறந்தநாள். அப்பா 10 ரிங்கிட் நோட்டோடு மூன்று பக்கக் கடிதம் ஒன்றையும் அவளிடம் கொடுத்தார். மறுநாள் “படிச்சியா?” என்று சைகையில் கேட்டார். “படிச்சேன் தாத்தா, நல்லா இருந்துச்சு” என்றாள். அப்பா சிறிது நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைப் பார்த்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான். தினமும் அப்பாதான் போய் வாசலில் நின்று அவளை அழைத்து வருவார். செப்டம்பரில் ஒரு நாள், முட்டி வலிக்கிறது, இனி வேனுக்குச் சொல்லிவிடு என்று எழுதிக் காட்டினார். வேனுக்குச் சொன்னோம். ஆனால் மாலையில் கோப்பிக்கடைக்கு நடந்து போய் வருவது மட்டும் நிற்கவில்லை. வயதானவர், நல்ல நாளும் கெட்ட நாளும் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு வீடு துப்புரவு செய்யும்போது மகளின் மேசை இழுப்பறையில் அந்தக் கடிதம் கிடைத்தது. மடித்தது மடித்தபடி இருந்தது. உட்கார்ந்து படித்தேன். தோட்டத்துக் கதை, பாட்டியின் கதை, நன்றாகப் படிக்க வேண்டும் என்ற வாழ்த்து. மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘பள்ளி வாசலில் நான் வந்து நிற்பது உனக்குக் கூச்சமாக இருக்கிறதா, கண்ணு? என் கழுத்தைப் பார்த்து மற்ற பிள்ளைகள் ஏதும் கேட்கிறார்களா? கூச்சமாக இருந்தால் சொல். தாத்தா வருத்தப்பட மாட்டேன்.’

மகளைக் கூப்பிட்டு, “இதைப் படிச்சியா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். “தாத்தா எழுத்து எனக்குத் தெரியலம்மா. எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. தெரியலன்னு சொன்னா அவருக்குக் கஷ்டமா இருக்கும்னு…” என்று இழுத்தாள்.

அவர் மனம் நோகக்கூடாது என்று இவள் படித்ததாகச் சொல்லியிருக்கிறாள். இவளுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவர் முட்டி வலியைக் காரணம் காட்டியிருக்கிறார். இரண்டு மாதம் ஒரே வீட்டில் இப்படி ஓடியிருக்கிறது. நடுவில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடிதத்தை முழுவதும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். முடிக்கும் முன்பே அவள் எழுந்து தாத்தா அறைக்கு ஓடினாள். நான் பின்னால் போனபோது அவர் மடியில் முகம் புதைத்து, “நீங்கதான் வரணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா நோட்டை எடுத்து, அவளுக்காகப் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார்: “நாளைக்கு.”

அன்று இரவு படுக்கப் போகும்முன் மகள் கேட்டாள்: “தாத்தா எழுத்தைப் படிக்க எனக்குச் சொல்லித் தர்றியாம்மா?”

ஏன் தெரியவில்லை?

இவள் வாசிப்பதெல்லாம் அச்சு எழுத்து. பாடநூல், பயிற்சித்தாள், புலனத்தில் வரும் செய்தி எல்லாமே கணினி எழுத்து. வகுப்பு ஆசிரியரும் பலகையில் தனித்தனி எழுத்தாகத்தான் எழுதுகிறார். மலாய்ப் பாடத்தில் ‘துலிசான் பெராங்கை’ என்று சேர்த்து எழுதப் பழகுகிறார்கள். ஆனால் அது கோடு போட்ட தாளில் மாதிரியைப் பார்த்து எழுதுவது. ஒரு மனிதர் அவசரத்தில், தன் போக்கில் எழுதியதைப் படிப்பது வேறு வேலை.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2010-இல் வந்த பொதுப் பாடத்தரத்தில் கர்சிவ் எழுத்து இடம்பெறவில்லை. பல பள்ளிகள் அதைக் கைவிட்டன. பிறகு பல மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தன. கலிபோர்னியா 2023-இல் சட்டமே இயற்றி, முதலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை கற்பிக்கச் சொன்னது. அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம், பழைய கையெழுத்துப் பத்திரங்களைப் படித்து எழுதித் தரத் தொண்டர்களை அழைக்கிறது. கர்சிவ் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே தனியாகத் தேடப்படுகிறார்கள்.

நம் வீடுகளில் தேடப்படும் நாள் வருமுன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. நான் ஆசிரியை இல்லை. வீட்டில் செய்து பார்த்து, பலன் கண்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள்

முதல் தவறு என்னுடையதுதான். கடிதத்தின் முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்து, அதில் நான்கு இடங்களில் பென்சிலால் மெல்ல வட்டம் போட்டார். நான்கும் மகளின் பெயர்.

அதுதான் வழி. தன் பெயர், அம்மா பெயர், ஊர்ப் பெயர், தேதி ஆகியவற்றைப் பிள்ளை முதலில் கண்டுபிடிக்கட்டும். சொல் முன்பே தெரியும் என்பதால், அதிலுள்ள ஒவ்வொரு எழுத்தும் அந்தக் கையில் எப்படி வளைகிறது என்பது புரிந்துவிடும். ஒரு பெயரில் நான்கு எழுத்து கிடைத்தால், மற்ற சொற்களில் அந்த நான்கும் தானாகக் கண்ணில் படும்.

பழைய கடிதம் என்றால் இன்னொரு வசதி உண்டு. மேலே பிள்ளையார் சுழி, அடுத்து ‘நலம், நலமறிய ஆவல்’, கீழே ‘இப்படிக்கு’ என்று ஒரே வாய்ப்பாட்டில்தான் அந்தக் காலத்தில் எழுதினார்கள். என்ன எழுதியிருக்கும் என்பது பாதி தெரியும். அந்தப் பாதியை வைத்து மீதியைப் பிடிக்கலாம்.

எழுத்துச் சாவி ஒன்று தயாரியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டோம். ஒரு பக்கம் தமிழ் எழுத்து, மறுபக்கம் ஆங்கிலத்தின் 26 எழுத்து. கடிதத்தில் ஓர் எழுத்தை அடையாளம் கண்டதும், தாத்தா எழுதியபடியே அந்தக் கட்டத்தில் பார்த்து வரைய வேண்டும். சில எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வந்தது. எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் வரைந்தாள். ஒரு மாதத்தில் பெரும்பாலான கட்டங்கள் நிரம்பின. புரியாத சொல் வந்தால் என்னைக் கேட்காமல் நோட்டைப் புரட்டத் தொடங்கினாள்.

வாங்கி விற்கும் பயிற்சி நூல்களில் உள்ள கர்சிவ் ஒரே மாதிரி அழகாக இருக்கும். எந்தத் தாத்தாவும் அப்படி எழுதுவதில்லை. பிள்ளைக்குத் தேவையான சாவி, உங்கள் வீட்டுப் பெரியவரின் கையெழுத்துக்கான சாவி.

எழுதிப் பார்த்தால் படிக்க வரும்

தினமும் 10 நிமிடம் எழுதவும் வைத்தோம். கை போகும் பாதை தெரிந்தால் கண்ணுக்கும் தெரிகிறது. ஆங்கில எழுத்துகளை அகர வரிசையில் பழக்க வேண்டாம். ஒரே அசைவில் பிறப்பவற்றைச் சேர்த்துப் பழக்குங்கள். சி, ஏ, டி, ஜி, கியூ, ஓ எல்லாம் வட்டத்தில் தொடங்குபவை. எல், இ, எச், கே, பி போன்றவை மேலே சுழிப்பவை. ஜே, ஒய், ஜி ஆகியவை கீழே வால் விடுபவை. என், எம் இரண்டும் மேடு மேடாக ஏறி இறங்குபவை.

பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பி, ஓ, வி, டபிள்யூ ஆகிய நான்கு சிறிய எழுத்துகளும் கீழே முடியாமல் மேலே முடிகின்றன. ஆகவே அவற்றை அடுத்து வரும் எழுத்து மேலிருந்து தொடங்கும். ஓ-வுக்குப் பின் வரும் ஆர், வேறு இடத்தில் வரும் ஆர் போல இருக்காது. எஸ் எழுத்தும் அப்படித்தான். இதைச் சொன்னதும், அவள் இரண்டு வாரமாக வேறு எழுத்து என்று நினைத்திருந்தது எல்லாம் ஆர் என்று தெரிந்தது.

‘மினிமம்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கர்சிவில் எழுதி, ஐ எழுத்தின் புள்ளிகளை விரலால் மறைத்துப் பாருங்கள். 15 குச்சிகள் வேலிபோல் வரிசையாக நிற்கும். என், எம், யூ, ஐ எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும். அதில் குச்சிகளை எண்ணிப் பிரிப்பதை அப்பா ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார். செக்ரோலில் தலை எண்ணியவருக்குக் குச்சி எண்ணுவது பெரிய வேலையா என்ன?

தமிழிலும் தொல்லை உண்டு

தமிழ் எழுத்து தனித்தனிதானே என்று நினைப்போம். வேகமாக எழுதினால் அதுவும் மாறிவிடும். ரகரத்தின் கீழ்க்கோட்டை விட்டுவிட்டால் அதுவும் துணைக்காலும் ஒன்றுதான். ‘பார்’ என்று எழுதினால் பகரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கம்பங்கள் நிற்கும், புள்ளியும் இல்லை. ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். எந்த மெய்க்குப் புள்ளி வேண்டும் என்பதை வாக்கியத்தின் பொருள்தான் சொல்லும். சத்தமாகப் படிக்கச் சொன்னால் காது திருத்திக்கொள்கிறது. ‘கல எடுத்தான்’ என்று சொல்லிவிட்டு அவளே சிரித்து, ‘கல் எடுத்தான்’ என்று மாற்றினாள்.

அடுத்தது பழைய எழுத்து. தமிழ்நாட்டு அரசு 1978-இல் பெரியார் நூற்றாண்டையொட்டி எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. ணா, றா, னா, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ, ணை, லை, ளை, னை என்ற 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதுவே வழக்கமானது. ஆனால் அதற்கு முன் பள்ளிக்குப் போனவர்களின் கை மாறவில்லை. அப்பா இன்றும் ‘யானை’, ‘மலை’ என்று எழுதும்போது னகரத்துக்கும் லகரத்துக்கும் முன்னால் இரட்டைச் சுழி போடமாட்டார். எழுத்தின் தலையில் துதிக்கைபோல் ஒரு வளைவைத் தூக்கி வைப்பார். ‘நான் படிச்ச தமிழ்ல இது இல்லையே’ என்று மகள் திகைத்தாள். 13 எழுத்தையும் அட்டையில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினோம். ஒரு வாரம்தான், பிறகு அட்டை தேவைப்படவில்லை.

மலாயும் விடவில்லை. அப்பா ‘கெச்சில்’, ‘சூச்சி’ என்ற சொற்களில் சி-க்குப் பின்னால் எச் போடுவார். “தாத்தா ஸ்பெல்லிங் தப்பு!” என்று இவள் பிடித்துவிட்டாள். 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து எழுத்துக்கூட்டலை மாற்றியதையும், அதற்கு முன் அதுதான் சரி என்பதையும் அவர் அரைப் பக்கம் எழுதி விளக்கினார். அந்த அரைப் பக்கத்தை அவளே படித்தாள். அது எங்களுக்குப் பெரிய வெற்றி.

சில எச்சரிக்கைகள்

பழைய கடிதங்களைப் பிள்ளையின் கையில் அப்படியே கொடுக்காதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அல்லது நகல் எடுத்து அதில் கிறுக்கலாம். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். அடுத்த வரி வந்ததும் விட்ட சொல் தானே விளங்கும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். நான் சொல்லிச் சொல்லித்தான் என் மகள் இரண்டு ஆண்டு இதைக் கற்காமலே ஓட்டியிருக்கிறாள்.

அச்சு எழுத்தைப் படிக்கவே பிள்ளை திணறினால், அது கையெழுத்துப் பிரச்சினை இல்லை. கண்ணைப் பரிசோதியுங்கள், வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். “இது என்ன எழுத்து?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடிவது பெரிய வசதி. என் பாட்டி எழுதிய சமையல் குறிப்பு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் மூன்று சொற்கள் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்க ஆள் இல்லை.

இப்போது

நான்கு மாதம் ஆகிவிட்டது. அப்பா மறுபடியும் பள்ளி வாசலுக்குப் போகிறார். முட்டி வலி என்று பிறகு எழுதவே இல்லை.

போன வாரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பெரும் மழை. கொல்லையில் காயப்போட்ட துணியெல்லாம் நனைந்திருக்கும் என்று ஓடினேன். கொடி காலியாக இருந்தது. துணி மடித்து நாற்காலியில் இருந்தது. மேசையில் அப்பாவின் நோட்டு விரித்துக் கிடந்தது: ‘மேகம் கறுத்து வருகிறது. நான் மருந்து எடுத்துவிட்டுப் படுக்கிறேன். துணியை எடுத்துவிடு, கண்ணு.’ பெரிய எழுத்தில் இல்லை. அவருடைய வழக்கமான எழுத்து. புள்ளி ஒன்றுகூட இல்லை.

“நீயா படிச்சு எடுத்த?” என்று மகளிடம் கேட்டேன். “பின்ன?” என்றாள், மைலோவைக் கலக்கிக்கொண்டே.

அவள் பள்ளிப்பையின் ஓரத்தில் மடித்த தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. நீல மை. “தாத்தா கடிதமா? என்ன எழுதியிருக்கார்?” என்று கை நீட்டினேன். பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அது எனக்கும் தாத்தாவுக்கும்மா. நீ படிக்கக்கூடாது.”